ஓரமா உட்காரச் சொல்லாதீங்க சார்!

செவ்வாயும் வெள்ளியும் என் மகளுக்கு வயிறு வலிக்கும். முந்தின நாள் ராத்திரியே ஆரம்பித்துவிடும். சோறு இறங்காது. காலையில் எழுப்பினால் தலை சுற்றுகிறது என்பாள், குமட்டுகிறது என்பாள், சில நாள் நிஜமாகவே வாந்தி எடுப்பாள். டாக்டரிடம் காட்டியாயிற்று. ஸ்கேன் எடுத்தாயிற்று. பூச்சி மருந்தும் கொடுத்தாயிற்று. வயிற்றில் ஒன்றுமே இல்லை. செவ்வாயும் வெள்ளியும் அவளுக்கு பி.டி. பீரியட். அவ்வளவுதான் நோய்.

ஆறாம் வகுப்பு படிக்கிறாள். குறைமாதத்தில் பிறந்த பிள்ளை. மூளை முடக்குவாதம், அதிலும் இரண்டு கால்களையும் இறுக்கிப் பிடிக்கிற வகை. கெண்டைக்கால் தசை எப்போதும் விறைத்தே இருக்கும். குதிகால் தரையில் பதியாமல் முன்னங்காலில் நடப்பாள், நடக்கும்போது முட்டிகள் உரசும். முழங்காலுக்குக் கீழே பிளாஸ்டிக் ஸ்ப்ளின்ட் மாட்டினால் பாதம் ஓரளவு பதியும். மற்றப் பிள்ளைகள் சாதாரணமாக நடக்கிற தூரத்துக்கே அவளுக்குக் கூடுதல் தெம்பு செலவாகும், சீக்கிரம் களைத்துவிடுவாள். திடீரென்று சத்தம் கேட்டால் உடம்பு தூக்கிப்போடும். பயந்தாலோ பதறினாலோ விறைப்பு இன்னும் கூடும். இது அவள் கையில் இல்லை, இந்த நோயின் குணம் அது. அவளைப் பயமுறுத்துகிற இடத்தில் அவள் கால் இன்னும் மோசமாகத்தான் வேலை செய்யும். இதை நான் வகுப்பாசிரியையிடம் சொன்னேன், பி.டி. சாரிடம் சொன்னேன், தலைமையாசிரியையிடம் எழுதியே கொடுத்தேன். அதற்குப் பிறகும் அவள் காதுக்குப் பக்கத்தில் விசில் ஊதினார்கள். அவள் விழுந்தாள். பிள்ளைகள் சிரித்தார்கள்.

பி.டி. நாளன்று வெள்ளை யூனிஃபார்ம், வெள்ளை கேன்வாஸ் ஷூ. பள்ளி சொல்கிற கடையில், பள்ளி சொல்கிற ஷூதான் வாங்க வேண்டும். அந்த ஷூவுக்குள் ஸ்ப்ளின்ட் போகாது. அகலமான வேறு ஷூ, அதுவும் வெள்ளைதான், போட்டு அனுப்பினேன். வரிசையில் நிறுத்தி, "இது யூனிஃபார்ம் இல்லையே" என்று எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறார்கள். அடுத்த வாரம் அவளாகவே ஸ்ப்ளின்ட்டைக் கழற்றிப் பைக்குள் ஒளித்துவைத்துவிட்டு, கேன்வாஸை மாட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனாள். அன்றைக்குச் சாயங்காலம் அவள் காலைப் பார்த்த எனக்கு ரத்தம் கொதித்தது. பெருவிரல் ஓரம் தோல் உரிந்து, சாக்ஸ் ஒட்டிப்போயிருந்தது. வெந்நீர் விட்டு ஊறவைத்துத்தான் எடுக்க முடிந்தது. "வலிக்குதா?" என்று கேட்டால், "யாரும் பாக்கலம்மா" என்கிறாள். பதினோரு வயதுப் பிள்ளைக்கு வலியைவிட அந்தப் பார்வை பெரிதாகிவிட்டது. அதற்கு யார் பொறுப்பு?

டீம் பிரிக்கிற லட்சணத்தைச் சொல்கிறேன். இரண்டு கேப்டன்கள். மாற்றி மாற்றி ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார்கள். கூப்பிடக் கூப்பிட நிற்கிற கூட்டம் கரையும். கடைசியில் அவள் மட்டும் நிற்பாள். "அவ வேண்டாம் சார், நாங்க ஒரு ஆள் கம்மியாவே ஆடிக்கிறோம்." "சரி, ஒப்புக்குச் சப்பாணியா நின்னுட்டுப் போகட்டும்." இரண்டாவது வாக்கியத்தைச் சொன்னது ஒரு பிள்ளை. அதைக் கேட்டுச் சும்மா இருந்தது ஒரு பெரியவர். பிள்ளையின் மேல் எனக்குக் கோபமில்லை. பெரியவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பிறகு வருகிறது அந்த அன்பான வாக்கியம். "நீ ஓரமா உட்காந்துக்கோம்மா." உட்காருவாள். எல்லாருடைய வாட்ச்சும் வாட்டர் பாட்டிலும் அவள் மடியில் வந்து சேரும். மற்றவர்கள் ஓடியாடிக் களைத்து வந்து தண்ணீர் கேட்க, அவள் எடுத்து எடுத்துக் கொடுப்பாள். வருஷா வருஷம் என்னிடம் விளையாட்டுக் கட்டணம் முழுசாக வாங்கிக்கொள்கிறீர்கள். பாட்டில் காவல் காப்பதற்கா கட்டுகிறேன்?

எல்லாவற்றையும் விடக் கொடுமை 600 மீட்டர் ஓட்டம் நடந்த நாள். உடற்தகுதி மதிப்பீட்டில் அது உண்டு. 50 மீட்டர் வேக ஓட்டம், 600 மீட்டர் ஓடலாம் அல்லது நடக்கலாம், உட்கார்ந்து முன்னால் எட்டித் தொடுவது என்று வரிசையாக வைப்பார்கள். அவளுக்கு என்ன செய்வதென்று முன்கூட்டி யாரும் யோசிக்கவில்லை. விடுபட்டுப் போனால் தன் பெயருக்கு நேரே கோடு விழும் என்று பயந்து, நானும் வருகிறேன் என்று இவளே நின்றிருக்கிறாள். எல்லாரும் முடித்து உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்க, வெயிலில் இவள் மட்டும் இன்னும் பாதி மைதானத்தில். அப்போது யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள். உடனே வகுப்பே தட்டியது, பக்கத்து வகுப்பும் தட்டியது, ஆசிரியர்களும் தட்டினார்கள். உற்சாகப்படுத்தினார்களாம். அந்தச் சத்தத்தில் கால் விறைத்துப்போய், முட்டி மடங்க மாட்டாமல், நடு மைதானத்தில் சிலையாக நின்றுவிட்டாள். நகரவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. கைதட்டல் நிற்கவேயில்லை. கடைசியில் ஆயாம்மா போய் இடுப்பில் கைகொடுத்துக் கூட்டிவந்திருக்கிறார். வீட்டுக்கு வந்து அவள் அழவில்லை. "இனிமே எனக்குக் கைதட்ட வேண்டாம்னு சொல்லுங்கம்மா" என்றாள். அந்த ஒரு வார்த்தை என் நெஞ்சில் ஈட்டியாக நிற்கிறது.

அதன் பிறகுதான் இந்த வயிற்றுவலி.

பள்ளி ஆலோசகர் கூப்பிட்டுப் பேசினார். "குழந்தைக்கு ஆங்ஸைட்டி இருக்கு மேடம். மூச்சுப் பயிற்சி சொல்லிக்குடுங்க. தன்னம்பிக்கையை வளருங்க." மூச்சுப் பயிற்சி நல்லதுதான், செய்கிறோம். பத்து எண்ணி இழுத்து, பத்து எண்ணி விடுகிறாள். விட்டு முடித்ததும் அதே மைதானம், அதே விசில், அதே கேப்டன்கள். என் பிள்ளையின் பயம் காரணமில்லாத பயமா? அவள் நிஜமாகவே விழுகிறாள், நிஜமாகவே சிரிக்கிறார்கள், நிஜமாகவே ஒதுக்குகிறார்கள். அவள் பயப்படாமல் இருந்தால்தான் நான் கவலைப்பட வேண்டும். பயத்தை உண்டாக்கினவர்களை விட்டுவிட்டு, பயந்தவளுக்குச் சிகிச்சை செய்யச் சொன்னால் பெற்ற வயிறு எரியாதா?

உறவுக்காரர்களுக்கு இன்னொரு பாட்டு. "அவளுக்கு எதுக்கு விளையாட்டு, நல்லாப் படிச்சு உக்காந்து செய்யிற வேலைக்குப் போனாப் போதும்." போதாது! கால் தசை சுருங்கிப்போகாமல் இருக்க அவளுக்குத்தான் மற்றவர்களைவிட அதிக அசைவு வேண்டும். பிசியோதெரபிஸ்ட் ஒவ்வொரு முறையும் சொல்கிற முதல் வார்த்தையே அதுதான். உட்காரவைப்பது அவளுக்கு ஓய்வில்லை, கேடு.

அவளால் விளையாட முடியாது என்கிறவர்கள் போன கோடை லீவில் எங்கள் மொட்டை மாடிக்கு வந்திருக்க வேண்டும். என் தம்பி, அவளுடைய தாய்மாமன், டேங்க் குழாய்க்கும் ஆன்டெனா கம்பிக்கும் நடுவில் என் பழைய நூல் சேலையைக் குறுக்கே கட்டினான். உட்கார்ந்தால் தலைக்குக் கொஞ்சம் மேலே இருக்கும் உயரம். காற்றடைத்த பெரிய பிளாஸ்டிக் பந்து. ஒரே விதி: யாரும் எழுந்திருக்கக் கூடாது, பந்தைத் தொடும்போது இடுப்பு தரையில் இருக்க வேண்டும். உட்கார்ந்து ஆடும் வாலிபால் என்று ஒரு விளையாட்டே இருக்கிறது. 1980 முதல் பாராலிம்பிக்கில் ஆடுகிறார்கள். பெரியப்பா பிள்ளைகள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் உட்கார்ந்தார்கள். நாலு வயது வரை தவழ்ந்தே வீடு முழுக்கச் சுற்றினவள் இவள். தரையில் கைகளை ஊன்றி வழுக்கிக்கொண்டு போவது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. நல்ல காலுள்ள பிள்ளைகள் தத்தளிக்க, இவள் சேலைக்கு அடியில் வந்து பந்தைத் தட்டித் தட்டி விட்டாள். ஜெயித்தாள். அடுத்த ஆட்டத்தில் தோற்றாள். தோற்றதற்குச் சண்டை போட்டாள்! "நீ எந்திரிச்சே, நான் பாத்தேன், அது பாயிண்ட் கிடையாது" என்று அண்ணனோடு மல்லுக்கு நின்றாள். என் மகள் விளையாட்டில் சண்டை போட்டதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். மறுநாள் சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தாங்களாகவே சேலையைக் கேட்டு வந்தார்கள்.

ஒரு பழைய சேலையும் ஒரு பந்தும் செய்ததை, இவ்வளவு பெரிய மைதானம் வைத்திருக்கிற பள்ளி ஏன் செய்யவில்லை?

கேட்டேன். தலைமையாசிரியை என்ன சொன்னார் தெரியுமா? "மெடிக்கல் சர்டிஃபிகேட் கொண்டுவாங்க, பி.டி.யிலேர்ந்து விலக்கு குடுத்துடறோம்." விலக்கு! அவள் பிறந்ததிலிருந்து எல்லாரும் தாராளமாகக் கொடுப்பது அது ஒன்றைத்தான். கல்யாண வீட்டில் விலக்கு, சுற்றுலாவில் விலக்கு, ஆண்டுவிழா நடனத்தில் விலக்கு. எங்களுக்கு விலக்கு வேண்டாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பதினாறாவது பிரிவைப் படித்துப் பாருங்கள். அரசு நிதி பெறும் பள்ளியோ அங்கீகாரம் மட்டும் பெற்ற பள்ளியோ, இந்தப் பிள்ளைகளைப் பாகுபாடில்லாமல் சேர்த்து, படிப்போடு விளையாட்டுக்கும் மற்றவர்களுக்குச் சமமாக வாய்ப்புத் தர வேண்டும் என்று இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 2007இலேயே இணைந்துவிட்டது. அதிலும் பள்ளிக்குள் நடக்கும் விளையாட்டு வரை எழுதியிருக்கிறது. நான் இதைச் சொன்னபோது, "எங்களுக்கே சட்டம் சொல்லித் தர்றீங்களா?" என்றார். ஆமாம், சொல்லித்தான் தருகிறேன். நீங்கள் செய்திருந்தால் ஒரு இல்லத்தரசி ராத்திரி உட்கார்ந்து சட்டப் புத்தகம் புரட்ட வேண்டிய அவசியம் வந்திருக்காது.

விளையாட்டு விழாவில் மேடையேறி மாரியப்பன் தங்கவேலுவைப் பற்றிப் பேசுகிறார்கள். சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டிப் பிள்ளை. ஐந்து வயதில் பஸ் ஏறி வலது கால் நசுங்கியது. 2016 ரியோ பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், பிறகு டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். கேட்கும்போது எனக்கும் கண் கலங்குகிறது. ஆனால் அவர் திறமையைப் பள்ளிக்கூடத்தில் கண்டுபிடித்து மைதானத்துக்குள் இறக்கிவிட்டவர் ஓர் உடற்கல்வி ஆசிரியர். அதை ஏன் மேடையில் சொல்வதில்லை? அந்த ஆசிரியரும் "நீ ஓரமா உட்காந்துக்கோ தம்பி" என்று சொல்லியிருந்தால்?

என் மகள் பதக்கம் வாங்க வேண்டாம். மாரியப்பனாகவும் ஆக வேண்டாம். முப்பது பிள்ளைகள் விளையாடும்போது முப்பத்தொன்றாவதாக அவளும் விளையாட வேண்டும். தோற்க வேண்டும், சண்டை போட வேண்டும், வியர்த்து வீட்டுக்கு வர வேண்டும். இது பேராசையா?

பி.டி. ஆசிரியர்களே, உங்களில் பலருக்குப் பயிற்சியில் யாரும் இதைச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். ஐம்பது பிள்ளைகளை ஒற்றை ஆளாக மேய்க்கிற சிரமமும் தெரியும். நான் கேட்பதற்குக் காசு வேண்டாம், கட்டடம் வேண்டாம். கேப்டன்களைப் பெயர் கூப்பிட விடாதீர்கள், நீங்களே ஒன்று இரண்டு என்று எண்ணிப் பிரித்துவிடுங்கள். ஸ்ப்ளின்ட் போகிற ஷூவைப் போட விடுங்கள். விசிலை அவள் முதுகுக்குப் பின்னால் ஊதாதீர்கள், அவள் பார்க்கும்படி கையைத் தூக்கிவிட்டு ஊதுங்கள். நேரம் குறிக்க வேண்டுமென்றால் வகுப்புப் பார்க்காத நேரத்தில் குறியுங்கள், மற்றவர்களோடு ஒப்பிடாமல் அவளுடைய போன மாதக் கணக்கோடு ஒப்பிடுங்கள். போச்சியா என்று ஓர் ஆட்டம் இருக்கிறது, மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்காகவே உருவானது, 1984 முதல் பாராலிம்பிக்கில் உண்டு. ஒரு வெள்ளைப் பந்தை முதலில் போட்டு, அதற்கு மிக நெருக்கமாக யார் தங்கள் பந்தை உருட்டுகிறார்கள் என்று பார்ப்பதுதான் ஆட்டம். கோலி ஆடி வளர்ந்த உங்களுக்கு அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. பழைய சாக்ஸில் அரிசியைக் கட்டினால் பந்து தயார். மாதத்தில் ஒரு பீரியடாவது முழு வகுப்பும் அதை ஆடட்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. அடுத்த பி.டி. பீரியடுக்கு முந்தின நாளே அவளைக் கூப்பிடுங்கள். "நாளைக்கு இதுதான் ஆடப்போறோம், நீ எப்படி ஆடுறே?" என்று கேளுங்கள். என்னைக் கேட்க வேண்டாம், டாக்டர் சீட்டையும் கேட்க வேண்டாம். அவளைக் கேளுங்கள் சார்.