பரணில் இருந்து இறங்கிய கேசட்டுகள்



மார்கழி இதழுக்கான வேலை தொடங்கினாலே ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடுகிறது. வீடு மாற்றுகிறார்கள், அல்லது பழைய வீட்டை இடித்துக் கட்டக் கொடுக்கிறார்கள். பரணைக் காலி செய்யும்போது அப்பாவோ தாத்தாவோ சேர்த்து வைத்த கேசட்டுகளும் இசைத்தட்டுகளும் சிடிக்களும் பெட்டி பெட்டியாக இறங்குகின்றன. "எல்லாப் பாட்டும் போனிலேயே கிடைக்கிறதே, இவற்றை என்ன செய்வது?" என்று கேட்டு எழுதுகிறார்கள். கல்லூரியில் படிக்கும் வாசகர்களிடமிருந்து வரும் கேள்வி இதற்கு நேர் எதிரானது. "எல்பியில் கேட்டால்தான் அசல் இசை என்கிறார்கள், ரெக்கார்டு பிளேயர் வாங்கலாமா?"

இரண்டு தரப்புக்கும் சேர்த்தே இந்தப் பக்கத்தை எழுதுகிறேன்.

அன்றாடம் கேட்பதற்குப் போன் போதும். இதைத் தயக்கமில்லாமல் சொல்கிறேன். இரவுப் பணி முடிந்து விடுதிக்குத் திரும்பும் ஒரு செவிலியர், தூக்கம் வரும்வரை மதுரை மணி ஐயரைக் கேட்கலாம். அவருடைய பாட்டி காலத்தில் அதற்குக் கிராமபோன் இருக்கும் வீட்டாருடைய தயவு வேண்டும். இல்லாவிட்டால் வானொலி என்றைக்கு ஒலிபரப்புகிறதோ அன்றுவரை காத்திருக்க வேண்டும். டொரண்டோவிலும் கோலாலம்பூரிலும் இருக்கும் தமிழர்கள், ஊரிலிருந்து யாராவது கேசட்டு கொண்டுவருவார்களா என்று பார்த்திருந்த காலம் முடிந்துவிட்டது. இசை இத்தனை பேர் கைக்கு வந்ததை நல்ல காரியம் என்றே நினைக்கிறேன்.

ஆனால் பெரியவர்களுக்குத் தேடுபெட்டியில் எழுத்தடித்துப் பாட்டைக் கண்டுபிடிப்பது சிரமம். 2017-ல் சரிகம நிறுவனம் 'காரவான்' என்ற பெட்டியைக் கொண்டுவந்தது. பார்க்கப் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ, உள்ளே முன்பே ஏற்றிய 5000 பாட்டு, திருகுவதற்குக் குமிழ். அது அத்தனை வீடுகளுக்குள் நுழைந்ததில் வியப்பில்லை. உள்ளே இருப்பது டிஜிட்டல்தான். கைக்குப் பழகிய வழியில் பாட்டை எடுத்துத் தந்ததால் பெரியவர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். உங்கள் வீட்டுப் பெரியவருக்கு எது வாங்குவது என்று யோசிக்கும்போது, ஒலியைவிட அவருடைய விரல்களை முதலில் நினையுங்கள்.

ஒலித்தரம் பற்றிய சண்டையை விரைவாகவே தாண்டிவிடலாம். 1982-ல் வந்த சிடி ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து பதிகிறது. இரைச்சல் குறைவு என்ற வகையில் அது எல்பியைவிட மேல்; இதில் விவாதத்துக்கு இடமில்லை. நொடிக்கு 1,411 கிலோபிட் இருக்கும் அந்தத் தகவலைச் செயலிகள் பெரும்பாலும் 320-க்கோ அதற்கும் கீழேயோ சுருக்கி அனுப்புகின்றன. சுருக்காத தரத்தையும் சில செயலிகள் தருகின்றன. ஆப்பிள் மியூசிக் 2021 முதல் தருகிறது. ஆனால் அதைப் ப்ளூடூத் காதணியில் கேட்டால் அந்த இணைப்பு மறுபடி சுருக்கிவிடும். நல்ல ஒலி வேண்டும் என்பவர்கள் முதலில் ஒரு நல்ல ஸ்பீக்கரையோ கம்பியுள்ள ஹெட்போனையோ வாங்குங்கள் என்பதே என் யோசனை. எல்பியின் வெதுவெதுப்பை நானும் விரும்புகிறேன். அதற்காக, போனில் கேட்பவர் அசல் இசையைக் கேட்கவில்லை என்று சொல்ல மாட்டேன்.

இதைவிட ஆழமான வேறு ஒரு விஷயம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாட்டு எதன் மேல் பதிவானதோ அதுவே பாட்டின் வடிவத்தையும் தீர்மானித்திருக்கிறது.

அரக்கில் வார்த்த 78 சுழற்சித் தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம், மிஞ்சினால் மூன்றரை. கச்சேரியில் அரை மணி நேரம் விரியும் ஒரு கீர்த்தனையை அதற்குள் அடக்க வேண்டும். ஆலாபனைக்கு ஒரு கீற்று, சங்கதிகளில் பொறுக்கியெடுத்த சில, உடனே சரணம், முடிவு. நீண்ட சினிமாப் பாட்டுகளை நடுவில் நிறுத்தி, 'பகுதி 1', 'பகுதி 2' என்று தட்டின் இரு பக்கத்திலும் பிரித்தார்கள். 1948-ல் அமெரிக்காவில் அறிமுகமான எல்பி ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் இடம் தந்தது. எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் 1963-ல் எல்பியாக வந்தது. 78 தட்டில் அது ஆறேழு துண்டாக உடைந்திருக்கும். விடியற்காலையில் யாராவது பக்கத்திலேயே உட்கார்ந்து தட்டைப் புரட்டிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். நம் வீடுகளின் காலைப் பொழுதுக்குள் அது தடையில்லாமல் நுழைந்ததில் பக்திக்கும் அந்தக் குரலுக்கும் உரிய பங்கோடு, எல்பிக்கும் ஒரு பங்கு உண்டு.

பிலிப்ஸ் நிறுவனம் 1963-ல் அறிமுகப்படுத்திய கேசட்டு இன்னும் தாராளமானது. சி-60 என்றால் பக்கத்துக்கு முப்பது நிமிடம், சி-90 என்றால் நாற்பத்தைந்து. ஒரு ராகம் தானம் பல்லவி ஒரே மூச்சில் ஒரு பக்கத்தில் அடங்கும். வித்வான் இளைப்பாறிப் பாட இடம் கிடைத்தது. தனி ஆவர்த்தனத்தை வெட்டாமல் வைக்க முடிந்தது.

இன்று இவை எல்லாம் செயலியில் ஒரே வரிசையில் வருகின்றன. 1930-களின் மூன்று நிமிடப் பாட்டுக்கு அடுத்து, சபாவில் பதிவான நாற்பது நிமிட உருப்படி. புதிதாகக் கேட்கும் ஒரு இளைஞர், பழைய வித்வான்கள் எல்லாம் இப்படிப் பறந்து பறந்து பாடியவர்கள் என்று நினைத்துக்கொண்டால் அவர் மேல் தவறில்லை. அந்த அவசரம் தட்டுக்கு உரியது என்று அவருக்கு எடுத்துச் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை.

எடுத்துச் சொல்லும் வேலையைச் செய்தது லேபிளும் உறையும்தான். கர்நாடக இசைக் கேசட்டின் உள்ளே மடித்து வைத்த அட்டையைப் பிரித்துப் பாருங்கள்: பாட்டு, ராகம், தாளம், இயற்றியவர், அதற்குக் கீழே வயலின், மிருதங்கம், கடம், தம்பூரா வரை பெயர்கள். பெயர் தெரியாத ராகத்தைக் காதில் கேட்டபடியே கண்ணால் அடையாளம் கண்டுகொண்ட ஒரு தலைமுறை அந்த அட்டையில் படித்துத்தான் தேறியது. செயலியில் பாடகரின் பெயர் இருக்கும். பக்கவாத்தியக்காரர் இருந்தால் அதிர்ஷ்டம். ராகம் தவறாக இருப்பதும், ஒரே பெயருள்ள இரண்டு வித்வான்கள் ஒருவராகிவிடுவதும் நடக்கிறது. சினிமாப் பாட்டில் நிலைமை இதைவிட மோசம். புல்லாங்குழல் வாசித்தவரையும் ஷெனாய் வாசித்தவரையும் யாரும் முன்பும் அதிகம் சொல்லவில்லை. ஏ.ஆர். ரஹ்மான் போன்றவர்கள் ஆல்பத்தின் உறையில் வாத்தியக்காரர்களின் பெயரை அச்சிட்ட பிறகு அது கொஞ்சம் மாறியது. உறை போனதோடு அதுவும் தேய்கிறது. ஒரு வாழ்நாள் வாசித்தவரின் பெயர் காணாமல் போவதைச் சின்ன விஷயமாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

"போனில் எப்போதும் இருக்குமே" என்ற நம்பிக்கைக்கு வருவோம். ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தது. இரண்டே மாதத்தில், உரிம வழக்கு ஒன்றின் காரணமாகச் சரிகமவின் பாட்டுகள் அதிலிருந்து இறங்கின. பழைய எச்எம்வியின் வாரிசு சரிகம. நம் தாத்தா பாட்டி கேட்ட தமிழ்ப் பாட்டுகளில் பெரும் பகுதி அவர்களிடம்தான் இருக்கிறது. ஒப்பந்தமாகி அவை திரும்பி வர 2020 ஜூன் ஆனது. ஏர்டெல் தன்னுடைய விங்க் மியூசிக்கை மூடுவதாக 2024-ல் அறிவித்தது. அதில் ஆசையாய்த் தொகுத்த பட்டியல்களை மக்கள் வேறு இடத்தில் முதலிலிருந்து தொகுக்க வேண்டியதாயிற்று. மைஸ்பேஸ் இன்னும் துயரமான கதை. 2003 முதல் 2015 வரை உலகெங்கும் இருந்து கலைஞர்கள் அதில் ஏற்றிய இசை, சர்வர் மாற்றும்போது அழிந்துவிட்டதாக 2019-ல் ஒப்புக்கொண்டார்கள். வேறு பிரதி வைத்துக்கொள்ளாத இசைக்குழுக்களின் பாட்டு அதோடு சரி. மாதச் சந்தா கட்டும்போது நாம் வாங்குவது கேட்பதற்கான அனுமதி மட்டுமே என்பதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

கையில் இருப்பதும் சாகாவரம் பெற்றதல்ல. அரக்குத் தட்டு கீழே விழுந்தால் உடையும். எல்பி வெயில் பட்டால் வளையும். சென்னையின் ஈரக்காற்றில் கேசட்டு நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கும். ஆகவே பரணில் இருக்கிறது என்பதாலேயே பத்திரமாக இருக்கிறது என்று எண்ண வேண்டாம்.

இனி அந்தப் பெட்டி. கடையில் விற்ற சினிமாக் கேசட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு வேறு பிரதிகள் உலகில் இருக்கின்றன. பாசம் இருந்தால் வையுங்கள், இல்லையென்றால் சேகரிப்பவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். வெற்றுக் கேசட்டில், பேனாவால் எழுதிய சீட்டோடு இருப்பவைதான் முக்கியம். அவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். ஊர்க் கடைத்தெருவில் ரெக்கார்டிங் கடையில் பட்டியல் கொடுத்துப் பதிந்து வாங்கியவை அவற்றில் பாதி இருக்கலாம். மீதியில் வானொலிக் கச்சேரி இருக்கும். இலங்கை வானொலியில் பி.எச். அப்துல் ஹமீது பேசிய அறிவிப்பு, பாட்டுக்கு நடுவே அகப்பட்டிருக்கும். பாட்டு செயலியில் உண்டு, அந்த அறிவிப்பு கிடையாது. உள்ளூர்க் கோயில் திருவிழாவில் வாசித்த நாகஸ்வரம், கூத்து, ஒரு பாட்டியின் நலங்குப் பாட்டு, தாலாட்டு. வளைகுடாவுக்குப் போனவர்கள் கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய கேசட்டுகள். இவற்றுக்கு உலகில் இரண்டாவது பிரதி கிடையாது. ஒரு நாடா இற்றுப்போனால் ஒரு மனிதரின் குரல் முற்றாகப் போய்விடும். இதை எழுதும்போதே எனக்குப் பதற்றமாக இருக்கிறது. உங்களுக்கும் அந்தப் பதற்றம் வர வேண்டும் என்றே எழுதுகிறேன்.

செய்ய வேண்டியது அப்படி ஒன்றும் கடினமில்லை. கேசட்டின் மேல் விளிம்பில் இரு ஓரத்திலும் சின்னப் பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதை முதலில் உடைத்துவிடுங்கள், தெரியாமல் பொத்தானை அழுத்தினாலும் மேலே பதியாது. நாடாவில் வெள்ளைப் பொடி தெரிந்தால் ஓட்ட வேண்டாம், விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள். மற்றவற்றை ஒருமுறை முழுதாக ஓட்டித் திருப்பிச் சுற்றி, டெக்கின் ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டு ஓட விடுங்கள். டெக்கிலிருந்து கம்பி வழியாகக் கணினிக்கு இணைத்து, ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பதியலாம். எம்பி3 ஆகச் சேமிக்காதீர்கள், வேவ் அல்லது ஃப்ளாக் ஆக வையுங்கள். போனுக்கு வேண்டுமானால் அதிலிருந்து எம்பி3 எடுத்துக்கொள்ளலாம். இரைச்சலை நீக்கும் ஆசையில் மூலப்பதிவைத் தொடவே கூடாது. கேசட்டின் சீட்டையும் உறையையும் போட்டோ எடுத்து அதே கோப்புறையில் போடுங்கள். ஒரு பிரதி கணினியில், ஒன்று தனி ஹார்டு டிஸ்க்கில், ஒன்று வேறு ஊரில் இருக்கும் தங்கை வீட்டில். பதிந்து முடித்த பிறகும் கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

பழைய 78 தட்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஹெட்டைத் துடைத்த அதே ஆல்கஹாலால் அதைத் துடைத்தால் அரக்கு கரைந்துவிடும். எல்பிக்கு உரிய ஊசியையும் அதில் வைக்கக் கூடாது; 78-ன் பள்ளம் அகலமானது, அதற்கென்று தனி ஊசி உண்டு.

ரெக்கார்டு பிளேயர் வாங்கலாமா என்று கேட்ட இளைய நண்பர்களுக்கு: கேட்க நேரம் ஒதுக்கப்போகிறீர்கள் என்றால் வாங்குங்கள். அமெரிக்காவில் 2022-ல், 1987-க்குப் பிறகு முதல் முறையாக, சிடியைவிட எல்பி அதிகம் விற்றது, சுமார் 4.1 கோடி எல்பி, 3.3 கோடி சிடி. அந்த அலையில் பெட்டி வடிவில் மலிவான பிளேயர்களும் நிறைய வந்திருக்கின்றன. அவற்றில் பல, ஊசியைத் தட்டில் அதிகமாக அழுத்தித் தேய்க்கும். ஊசியின் அழுத்தத்தைத் திருத்த வசதியுள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அவ்வளவு செலவு செய்ய முடியாதவர்கள் வருந்த வேண்டாம். பழைய சிடி மிக மலிவாகக் கிடைக்கிறது. ஒரு ஆல்பத்தை நடுவில் தாண்டாமல் முழுக்கக் கேட்கும் பழக்கத்துக்கு அதுவே போதும். இந்த சீசனில் சபா வாசலில் பிடித்த கலைஞரின் சிடியைப் பார்த்தால் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், உள்ளே இருக்கும் அட்டைக்காகவாவது.

உங்கள் வீட்டுப் பெட்டியில் பேனாவால் எழுதிய சீட்டோடு என்னென்ன இருக்கின்றன என்று எங்களுக்கு எழுதுங்கள். யாருடைய குரல், எந்த ஊர், ஏறக்குறைய எந்த ஆண்டு, யார் பதிந்தது என்று தெரிந்த அளவுக்குக் குறிப்பிடுங்கள். சீட்டின் போட்டோவும் அனுப்பலாம். கேசட்டைத் தபாலில் அனுப்ப வேண்டாம், அது உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். வரும் குறிப்புகளைத் தை இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்