வலியே இல்லாமல் ஒரு கண் மங்குகிறதா? விழித்திரை சிரை அடைப்பைக் கண்டறிவது எப்படி?

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில், ஆட்சியர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒருவருக்குக் காலையில் இடது கண் மங்கலாகத் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். வலி இல்லை, கண் சிவக்கவும் இல்லை. ‘ராத்திரி ரொம்ப நேரம் போன் பார்த்தோம், சரியாயிடும்’ என்று சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொள்கிறார். வலது கண் நன்றாக இருப்பதால் வேலையும் ஓடுகிறது. விழித்திரை சிரை அடைப்பு இருந்தால், இப்படிக் கழியும் வாரங்கள்தான் ஆபத்தானவை.

கண்ணுக்குள் என்ன நடக்கிறது?

விழித்திரைக்கு ரத்தம் கொண்டுவருவது தமனி. திரும்ப எடுத்துச் செல்வது சிரை. இரண்டும் குறுக்கிடும் இடத்தில் ஒரே உறைக்குள் ஒட்டியிருக்கும். பல வருட பிபியால் தமனி தடித்தால், பக்கத்திலுள்ள சிரை நசுங்கி, அங்கே ரத்தம் உறையலாம். வடிகால் அடைத்த தெரு மாதிரி, ரத்தமும் நீரும் தேங்கிக் கசியும். கிளைச் சிரை அடைத்தால் விழித்திரையின் ஒரு பகுதி பாதிக்கும். மையச் சிரை அடைத்தால் முழுவதும் பாதிக்கும். 2015-ல் உலகில் சுமார் 2.8 கோடி பேருக்கு இந்தப் பாதிப்பு இருந்ததாக ஒரு மதிப்பீடு சொல்கிறது.

எப்படி முற்றுகிறது?

கசிவால் பார்வையின் மையமான மேக்குலா வீங்கும். ஆக்சிஜன் கிடைக்காத விழித்திரை, புதிய ரத்தக் குழாய்களை வளர்க்கத் தூண்டும். இவை பலவீனமானவை, உடைந்து ரத்தம் கசியலாம். கருவிழிப் படலத்தில் வளர்ந்தால் கண்ணின் நீர் வெளியேறும் வழி அடைபட்டு, அழுத்தம் எகிறும். சுமார் 3 மாதங்களில் வரக்கூடியது என்பதால் இதற்கு ‘100 நாள் கிளாக்கோமா’ என்றே பெயர். லேசாகத் தொடங்கிய மையச் சிரை அடைப்பும் மோசமாகலாம்: 1997-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், 3 ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்கு பேருக்கு அப்படி ஆனது.

என்னென்ன பரிசோதனை?

முதலில் ஒவ்வொரு கண்ணின் பார்வையும் அழுத்தமும் பார்க்கப்படும். பிறகு சொட்டு மருந்தால் பாப்பாவை விரித்து விழித்திரையைப் பார்ப்பார்கள் (அதன்பின் சில மணி நேரம் பைக் ஓட்டக் கூடாது). மேக்குலா வீக்கத்தை ஓசிடி ஸ்கேன் காட்டும். ரத்தம் எட்டாத இடங்களை ஆஞ்சியோகிராம் காட்டும். பிபி, சுகர், கொழுப்பு பரிசோதனையும் கட்டாயம். இளவயதினருக்கு ரத்தம் உறையும் தன்மையையும் சோதிக்க வேண்டியிருக்கலாம்.

சரியாகுமா?

அடைப்பையே கரைத்துவிடும் நிரூபணமான மருந்து இல்லை. கண்ணுக்குள் போடும் ஊசி வீக்கத்தைக் குறைக்கும். தேவைப்பட்டால் லேசர் சிகிச்சையும் உண்டு. ஊசி ஒன்றோடு முடிவதில்லை, தொடக்கத்தில் மாதந்தோறும் தேவைப்படலாம். ‘ஒண்ணு போட்டாச்சு, போதும்’ என்று நிறுத்தினால் வீக்கம் திரும்பிவிடும்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிபி, சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. அதை விடாமல் சாப்பிடுவது கண்ணுக்கும் காப்பு. இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது ஒன்றின் குறை தெரியாது. அவ்வப்போது ஒரு கண்ணை மூடி, மற்றதால் காலண்டரைப் பார்த்தால் போதும். மங்கினால் கண் மருத்துவரிடம் போக வேண்டியது அன்றைக்கே.