அணைக்கப்பட்ட விளக்கும் அழிக்கப்படும் பரக்கத்தும்

பழைய காரை விற்பதற்கு முந்தைய நாள், அதன் டேஷ்போர்டில் எரியும் மஞ்சள் நிற என்ஜின் விளக்கை ஸ்கேனர் கொண்டு அணைத்துவிடுவது நம்மில் சிலருக்கு வியாபார சாமர்த்தியமாகத் தெரிகிறது. சிறிய கருவியும் ஒரு நிமிடமும் அதற்குப் போதும். வாங்க வரும் சகோதரரோ பல ஆண்டுகள் மிச்சம் பிடித்த பணத்துடன் வருகிறார். விளக்கு எரியாததைக் கண்டு நம்பி வாங்கிச் செல்கிறார். இதனைச் சாமர்த்தியம் என்று நாம் ஏற்க இயலாது. மார்க்கம் தடுத்துள்ள ஏமாற்று இது.

அந்த விளக்கு சொல்வதை முதலில் விளங்கிக்கொள்வோம். நம் நாட்டில் பாரத் ஸ்டேஜ் 4 விதிகளின்கீழ் 2013 ஏப்ரல் முதல் ஓபிடி 2 என்னும் சுயபரிசோதனை அமைப்பு கட்டாயமாயிற்று. புகையின் அளவைப் பாதிக்கும் கோளாறை என்ஜின் கணினி உணர்ந்தால், விளக்கை எரியச் செய்து ஒரு குறியீட்டையும் பதிந்து வைக்கும். பி0301 என்றால் முதல் சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியவில்லை. பி0171 என்றால் கலவையில் காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்துள்ளது. பி0420 என்றால் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரின் திறன் குறைந்துள்ளது.

குறியீடு ஒரு செய்தி மட்டுமே, தீர்ப்பு ஆகாது. ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியில் பி0171 தோன்றினால், வெடிப்பு விட்ட ரப்பர் குழாய் வழியே காற்று புகலாம். காற்றை அளக்கும் சென்சாரில் அழுக்குப் படிந்திருக்கலாம். பெட்ரோல் பம்ப் வலுவிழந்திருக்கலாம். குழாயை மாற்றினாலே தீரக்கூடிய கோளாறுக்கு, சோதித்துப் பாராமல் விலையுயர்ந்த சென்சாரை மாற்றிப் பணம் பெறுவது முறையன்று. வந்து சேரும் செய்தியைத் தீர விசாரிக்குமாறு அல்ஹுஜுராத் அத்தியாயத்தில் அல்லாஹ் கட்டளையிடுகிறான். மனிதர்கள் கொண்டுவரும் செய்தியைக் குறித்த அந்த ஒழுக்கம் தொழிலிலும் நமக்கு வழிகாட்டுகிறது. ஒர்க்‌ஷாப் நடத்தும் சகோதரர்களுக்கு வண்டியும் வாடிக்கையாளரின் பணமும் அமானிதங்களே.

இனி விற்பனைக்கு வருவோம். நபி (ஸல்) அவர்கள் ஓர் உணவுக் குவியலுக்குள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டதாக உரிமையாளர் கூறினார். மக்கள் பார்க்கும்படி அதனை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்ததை ஸஹீஹ் முஸ்லிம் பதிவு செய்கிறது. மழை பெய்தது அந்த வியாபாரியின் குற்றமன்று. ஈரத்தை மறைத்ததே குற்றம். வண்டி பழுதாவதும் அவ்வாறே.

“பழைய வண்டிதான், பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லித்தானே விற்கிறோம்” என்பர் சிலர். நாம் அறியாத குறைக்கு அச்சொல் பொருந்தலாம். நம் கையாலேயே மறைத்த குறைக்கு எவ்வாறு பொருந்தும்? பி0301 அழிக்கப்பட்ட வண்டியில், எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டரைச் சென்றடைந்து, அதனை அளவுமீறிச் சூடேற்றிச் சிதைக்கும். அந்தப் பெருஞ்செலவு வாங்கியவரின் குடும்பத்தின்மீது விழும். மறைக்கப்பட்ட குறை வெளிப்பட்டால் பொருளைத் திருப்பித் தரும் உரிமை வாங்கியவருக்கு உண்டென ஃபிக்ஹு நூல்கள் கூறுவதும் இதனாலேயே.

வாங்குவோரும் விழிப்புடன் இருத்தல் வேண்டும். குறியீட்டை அழித்தவுடன் கணினியின் பல பரிசோதனைகள் ‘முடிவடையவில்லை’ என்னும் நிலைக்குத் திரும்பும். அழித்தபின் ஓடிய தூரமும் பல வண்டிகளில் ஸ்கேனரில் தெரியும். சாவியைத் திருப்பியதும் என்ஜின் விளக்கு எரிந்து, வண்டி இயங்கியபின் அணைகிறதா என்றும் பார்க்க வேண்டும். எரியவே இல்லையெனில் விளக்கே செயலற்றிருக்கலாம். இவ்வாறு சோதிப்பது தவறான சந்தேகம் ஆகாது. சோதிக்க விரும்புபவரிடம் விற்பவர் கோபம் கொள்ளவும் தேவையில்லை.

விற்பவர் செய்ய வேண்டியது எளிது. குறியீட்டை அழிக்காமல் காட்டுங்கள். பழுதுக்கான செலவைக் கணக்கிட்டு விலையைக் குறையுங்கள். உண்மை பேசிக் குறையைத் தெளிவுபடுத்தினால் இருவரின் வியாபாரத்திலும் பரக்கத் செய்யப்படும் என்றும், மறைத்துப் பொய்யுரைத்தால் அந்தப் பரக்கத் அழிக்கப்படும் என்றும் நபியவர்கள் அறிவித்துள்ளார்கள். குறியீட்டை அழிக்கும் விரல் எதனை அழிக்கிறது என்பதைச் சிந்திப்போம்.

ஹலாலான சம்பாத்தியத்தில் நிறைவு காணும் உள்ளத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.