செங்கல்லுக்கு இந்த விலை எப்படி வந்தது?

1976-ல் லண்டன் பத்திரிகைகள் பெருங் கூப்பாடு போட்டன. டேட் கலைக்கூடம் பொதுப் பணத்தில் 120 செங்கற்களை வாங்கிவிட்டதாம்! சுண்ணாம்புமில்லை, சிமெண்டுமில்லை, தரையில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு அடுக்காக வைத்தது, அவ்வளவே. இதை எந்தக் கொத்தனாரும் செய்வானே என்று கேலி. ஒருவர் அதன்மேல் நீலச் சாயத்தையே ஊற்றினார்.

கேலியில் பாதி நியாயம் உண்டு. மீதிப் பாதியைப் பார்ப்போம்.

அடுக்கியவர் கார்ல் ஆண்டிரே. 1960 முதல் 1964 வரை அமெரிக்காவில் சரக்கு ரயிலில் பிரேக்ஸ்மேனாக உழைத்தவர். வாகன்களைக் கோப்பதும் பிரிப்பதும் பழகிய கை! 1966-ல் நியூயார்க்கில் இப்படி எட்டு அடுக்குகள் வைத்தார். ஒவ்வொன்றிலும் அதே 120 கல். நீள அகலம்தான் வேறு. வாங்க ஆளில்லை. காட்சி முடிந்ததும் கல்லை ஆலைக்கே திருப்பிக் கொடுத்துக் காசை வாங்கிக்கொண்டார். அன்று அதன் மதிப்பு, செங்கல்லின் விலை. 1972-ல் டேட் கேட்டபோது இரண்டாயிரம் பவுனுக்கு மேல்! கல் மாறியதாலா இந்த விலை? இல்லை, கைமாறிய சந்தையால் வந்த விலை. அந்தச் சந்தையைப் பற்றிப் பேசாமல் அடுக்கியவனை மட்டும் ஏசுவது என்ன நியாயம்?

அதே 1976-ல்தான் பிரிட்டிஷ் சர்க்கார் சர்வதேச நிதியத்திடம் கடன் கேட்டுப் போய், பொதுச் செலவில் கோடிகோடியாக வெட்டச் சம்மதித்தது. அது பெரிதா, இந்தச் செங்கல் பெரிதா?

இன்னொன்று. 1972-ல் மறுபடி அடுக்கக் கல் தேடினார் ஆண்டிரே. பழைய ஆலை மூடிக் கிடந்தது. உலைக்குப் போடும் வேறு கல்லை வாங்கித்தான் அடுக்கினார். அந்த ஆலையில் கல் அறுத்த தொழிலாளி எங்கே போய் வேலை தேடினானோ?