பஞ்சம் ஒருவருக்கு, பஞ்சப்படி வேறொருவருக்கா?



சென்ற மாதம் நம் பகுதியில் நடந்த ஒரு விழா மேடையில் பெரியவர் ஒருவர் பேசினார். வசதி படைத்தவர், நம் மக்கள்மீது அன்பு கொண்டவரும்கூட. விலைவாசியைப் பற்றிப் பேச்சு வந்தது. "வரவுக்குள் செலவு செய்யப் பழகுங்கள். துவரம் பருப்பு விலை ஏறினால் வேறு பருப்பு வாங்குங்கள். எண்ணெயைக் குறைத்தால் உடம்புக்கும் நல்லது" என்று அறிவுரை சொன்னார். மேடையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். முன்வரிசையில் குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டிருந்த பெண்கள் கை தட்டவில்லை.

ஏன் தட்டவேண்டும்? சிக்கனத்தை யார் யாருக்குச் சொல்லித் தருவது?

துவரையில் பாதி, மைசூர்ப் பருப்பில் பாதி கலந்து குழம்பு வைக்கிறவள் அவள். நான்கு பேருக்குப் போதுமான பருப்பை ஆறு பேருக்கு நீட்டுகிறவள் அவள். முட்டையைப் பிள்ளைக்கு வைத்துவிட்டு, தனக்குப் பிடிக்காது என்று பொய் சொல்கிறவள் அவள். தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் மாலாடிலும் நம் தாய்மார்கள் இந்தச் சிக்கனத்தைத் தினம் மூன்று வேளை செய்கிறார்கள். இனிக் குறைப்பதற்கு அவர்கள் தட்டில் சோற்றைத் தவிர வேறென்ன இருக்கிறது?

இன்னொன்றும் அந்தப் பெரியவருக்குத் தெரியாது. ஏழை வாங்குகிற பண்டத்துக்குத்தான் விலை அதிகம்! ஒரு மாதச் சாமானை ஒரே நாளில் வாங்குகிறவருக்கு மூட்டை விலை. அன்றாடக் கூலிக்காரி வாங்குவது 100 கிராம் பருப்பும் சின்னப் பாக்கெட் எண்ணெயும். அதைக் கிலோவுக்குக் கணக்குப் போட்டால் தலை சுற்றும். எதிர்க் கடையில் 5 ரூபாய் குறைவு என்று தெரிந்தாலும் அங்கே போக முடியாது. கடன் நோட்டு இந்தக் கடையில் அல்லவா இருக்கிறது! சிக்கனம் செய்யவும் கையில் காசு வேண்டும், ஐயா.

எனக்கு உண்டு, அவளுக்கு இல்லை

நான் ரயில்வேயில் குமாஸ்தா. காலை வேலைக்குப் போகும் வழியில் இட்லி விற்கிற அக்காவிடம்தான் பல நாள் எனக்குச் சிற்றுண்டி. நெல்லைச் சீமையிலிருந்து வந்த குடும்பம். விடியுமுன் எழுந்து அவித்து, பாத்திரத்தைத் தலையில் சுமந்து வருகிறவர். விலை ஏறியதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்:

"உளுந்து வெல ஏறுனா நான் இட்லியத்தான் சின்னதாக்கணும். சின்னதாக்குனா நீங்களே வாங்க மாட்டீய. ஒங்களுக்குப் பஞ்சப்படி ஏறும் அண்ணாச்சி. எனக்கு யாரு பஞ்சப்படி தருவா?"

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கேள்வியைத்தான் இங்கே உங்கள் முன் வைக்கிறேன்.

விலைவாசி ஏறினால் எனக்கு ஜனவரியில் ஒரு முறை, ஜூலையில் ஒரு முறை பஞ்சப்படி திருத்தப்படும். மத்திய அரசின் தொழிலாளர் பணியகம் ஆலைத் தொழிலாளர் விலைக் குறியீட்டெண்ணைக் கணக்கிடும். அதை வைத்து என் படி உயரும். அந்தக் கணக்கும் முழு நியாயமானது அன்று. பழைய குறியீட்டில் உணவுக்கு 46.2 பங்கு இருந்தது. 2016ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட புதிய குறியீட்டில் அது 39.17 ஆகிவிட்டது. வாரக் கூலியில் பாதி மளிகைக் கடையிலேயே முடிந்துபோகிற வீடுகளை நான் அறிவேன். அவர்களுடைய அடுப்பு அந்தக் கணக்கில் எரியவில்லை. ஆனாலும், குறையுள்ளதோ நிறையுள்ளதோ, எனக்கென்று ஒரு கணக்காவது இருக்கிறது.

இட்லி அக்காவுக்கு எந்தக் குறியீடு? வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கு எந்த ஜனவரி, எந்த ஜூலை? தோல் பட்டறையிலும் தையல் கூடத்திலும் துண்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிறவனுக்கு உளுந்து ஏறியதற்காக யார் கூலியை ஏற்றினார்கள்?

ரயில்வேத் தோழர்களே, நினைத்துப் பாருங்கள். கொரோனாவைக் காரணம் காட்டி 2020 ஜனவரி முதல் 2021 ஜூன் வரை 18 மாதம் நம் பஞ்சப்படி உயர்வை நிறுத்தி வைத்தார்கள். எப்படிக் கொதித்தோம்! எத்தனை வாயிற்கூட்டம் போட்டோம்! நமக்கு 18 மாதம் நேர்ந்தது இந்த மக்களுக்கு ஆயுள் முழுவதும் நேர்கிறது. நாம் எத்தனை கூட்டம் போட்டோம் அவர்களுக்காக?

குற்றவாளி யார்?

விலை ஏறினால் நம்மவர்களுக்குக் கோபம் முதலில் மூலைக்கடைக்காரர்மேல் வருகிறது. அடுத்து, "விவசாயி ஏற்றிவிட்டான்" என்கிறோம். இரண்டும் திசை தவறிய கோபம்.

வெங்காயத்தைப் பாருங்கள். நம் மும்பைக்கு வெங்காயம் தருவது நாசிக் மாவட்டம். 2023 பிப்ரவரியில், இதே மகாராஷ்டிரத்தில், சோலாப்பூர்ச் சந்தைக்கு 512 கிலோ வெங்காயம் கொண்டுபோன ஒரு விவசாயிக்கு, வண்டிக்கூலி, ஏற்றுகூலி, எடைக்கூலி கழித்துக் கையில் கிடைத்தது 2 ரூபாய்க் காசோலை! அதே ஆண்டு முடிவதற்குள் நகரத்தில் வெங்காய விலை நம் கண்ணைக் கரித்தது. டிசம்பரில் ஏற்றுமதிக்குத் தடை போட்டார்கள். விற்கிறவனுக்கும் கண்ணீர், வாங்குகிறவளுக்கும் கண்ணீர். நடுவில் சிரித்தவர் யார்?

2024இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட ஆய்வறிக்கையே சொல்கிறது: நாம் கொடுக்கிற ஒரு ரூபாயில் தக்காளி விவசாயிக்குப் போவது சுமார் 33 காசு; வெங்காயத்துக்கு 36 காசு; உருளைக்கிழங்குக்கு 37 காசு. மிச்சம் சுமார் 65 காசு வண்டி, கமிஷன், கிடங்கு, கழிவு, லாபம் என்று வழியிலேயே கரைகிறது.

எண்ணெயில் நடந்ததையும் கேளுங்கள். நாட்டின் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதி. 2024 செப்டம்பர் 14 முதல் கச்சா எண்ணெய் வித்து எண்ணெய்களுக்கு மொத்தத் தீர்வை 5.5 சதவீதத்திலிருந்து 27.5 சதவீதமாக ஏறியது. உள்நாட்டு விவசாயியைக் காக்கவே ஏற்றினோம் என்றார்கள். நல்லது. ஆனால் அந்த அறுவடையில் மகாராஷ்டிரத்துச் சோயா விவசாயிக்குக் குவிண்டாலுக்கு 4,892 ரூபாய் என்ற ஆதரவு விலைகூடப் பல சந்தைகளில் கிடைக்கவில்லை. தீபாவளிக்கு முறுக்குச் சுடுகிறவள் அதிக விலை கொடுத்தாள். விதைத்தவனுக்கு அது போய்ச் சேரவில்லை. 2025 மே மாதக் கடைசியில் தீர்வையைக் குறைத்தார்கள். ஏற்றினால் மறுநாளே கடைக்கு வருகிறது. இறக்கினால் வந்து சேர மாதங்கள் ஆகின்றன. இது என்ன மாயம்?

பதுக்கலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2015 அக்டோபரில் துவரம் பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டது. சோதனை போட்டபோது ஆயிரக்கணக்கான டன் பருப்பு கிடங்குகளிலிருந்து வெளியே வந்தது. அந்தச் சோதனைக்கு ஆயுதமாக இருந்தது 1955ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பண்டங்கள் சட்டம். 2020இல் அந்த ஆயுதத்தையே மழுக்கினார்கள். தானியம், பருப்பு, எண்ணெய் விலை 50 சதவீதம் ஏறினால்தான், காய்கறி விலை இரட்டிப்பானால்தான் இருப்புக்கு வரம்பு வைக்கலாம் என்று திருத்தினார்கள். தில்லி எல்லையில் விவசாயிகள் ஓராண்டு குளிரிலும் வெயிலிலும் உட்கார்ந்த பிறகுதான், 2021 நவம்பரில் அந்தத் திருத்தமும் மற்ற வேளாண் சட்டங்களோடு சேர்ந்து நீங்கியது. அவர்கள் தம் வயலை மட்டுமா காத்தார்கள்? நம் அடுப்படியையும் சேர்த்தே காத்தார்கள். விவசாயி நம் எதிரி அல்லர். நம் பக்கத்து வரிசையில் நிற்கிறவர்.

"ஊரில் கார்டு இருக்கிறதே!"

"80 கோடிப் பேருக்கு இலவச அரிசி கொடுக்கிறோமே" என்பார்கள். கொடுக்கிறார்கள், மறுக்கவில்லை. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம். 2023 முதல் அதற்கு விலையும் இல்லை. ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு 25 கிலோ. கிலோ 40 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 1,000 ரூபாய் மிச்சம். ஆண்டுக்கு 12,000 ரூபாய்! ஆனால் நம்மில் எத்தனை வீட்டுக்கு இங்கே அந்தத் தானியம் வருகிறது?

அந்தச் சட்டம் மகாராஷ்டிரத்தில் அமலுக்கு வந்தபோது நகரக் குடும்பத்துக்கு வைத்த வருமான வரம்பு ஆண்டுக்கு 59,000 ரூபாய். மாதத்துக்கு 5,000கூட ஆகவில்லை! மும்பையில் குடிசைக்கு வாடகை கொடுத்துவிட்டு அந்தப் பணத்தில் யார் குடித்தனம் நடத்தினார்? மேலும், 81.35 கோடி என்ற தொகையே 2011 மக்கள்தொகையை வைத்துப் போட்டது. 2021இல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பை எடுக்காமல் விட்டதால், அதற்குப் பின் பிறந்த பிள்ளையின் பசி எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. இ-ஷ்ரம் பதிவு செய்தும் ரேஷன் கார்டு இல்லாத 8 கோடித் தொழிலாளர்களுக்குக் கார்டு கொடுங்கள் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. உத்தரவு தாளில் இருக்கிறது. தானியம் தட்டில் இருக்கிறதா?

நம்மவர்களிடமும் ஒரு குறை. "ஊரில் கார்டு இருக்கிறது, அம்மாவும் அப்பாவும் வாங்கிக்கொள்கிறார்கள். இங்கே எதற்கு?" என்று விட்டுவிடுகிறோம். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் 2020 அக்டோபர் முதல் தமிழ்நாடும் சேர்ந்திருக்கிறது. ஊர்க் கார்டு முன்னுரிமைக் கார்டாக இருந்து, அதில் உங்கள் ஆதார் சேர்ந்திருந்தால், ஊரில் இருப்பவர் தம் பங்கை அங்கே வாங்கலாம். இங்கே இருப்பவர் தம் பங்கை இங்குள்ள கடையில் வாங்கலாம். இதை அறியாமல் மாதாமாதம் அரிசியை விலைக்கு வாங்குகிறோம்.

ஆனால் அந்தத் திட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை. தமிழ்நாட்டில் ரேஷன் கடையில் 1 கிலோ துவரம் பருப்பு 30 ரூபாய்க்கும், 1 லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்கும் கிடைக்கிறது. கல்யாண் தாண்டி ரயில் ஏறிய நம்மோடு மத்திய அரசின் தானியம் மட்டும் வரும். பருப்பும் எண்ணெயும் வராது. அரிசி மட்டும் இருந்தால் கஞ்சி. பருப்பும் எண்ணெயும் சேர்ந்தால்தான் சோறு. 2022 தீபாவளிக்கு மகாராஷ்டிர அரசு 100 ரூபாய்க்கு ரவை, கடலைப் பருப்பு, சர்க்கரை, பாமாயில் அடங்கிய பை கொடுத்தது. கொடுக்க முடியும் என்று காட்டியது. பண்டிகைக்கு மட்டும்தான் பசிக்குமா?

முன்பு நடந்தது

இந்த நகரம் இதைப் பார்க்காத நகரம் அன்று. 1972-73 பஞ்ச காலத்தில் மிருணாள் கோரேயும் அகில்யா ரங்கணேக்கரும் கட்சி வேறுபாட்டை மறந்து விலைவாசி எதிர்ப்பு மகளிர் குழுவை நடத்தினார்கள். பூரிக்கட்டையையும் தட்டையும் கையில் ஏந்திப் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். சமையலறைச் சாமான் அரசியல் சாமான் ஆயிற்று!

1974 மே 8 முதல் 27 வரை நடந்த ரயில்வே வேலைநிறுத்தத்தைப் போனஸுக்காக நடந்தது என்றுதான் பலரும் நினைக்கிறோம். இலாகா நடத்தும் கடைகள் மூலம் தானியமும் பண்டங்களும் மலிவு விலையில் வேண்டும் என்பதும் அன்றைய கோரிக்கைகளில் ஒன்று. சம்பளம் ஏறினால் மட்டும் போதாது. பண்டம் நியாய விலைக்குக் கைக்கு வரவேண்டும் என்பது அந்தத் தலைமுறைக்குத் தெரிந்திருந்தது. ஆயிரக்கணக்கானோர் சிறை சென்றார்கள், வேலை இழந்தார்கள். அவர்கள் வாங்கித் தந்த மரபில் உட்கார்ந்துகொண்டு, நம் வீட்டுக்கு வந்த படியை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் அது நன்றியாகுமா?

ஆகவே

நம் கோரிக்கைகள் மூன்று. வாடகைச் சீட்டோ, வேலை கொடுப்பவரின் கடிதமோ, எதைக் காட்டினாலும் உழைக்கும் குடும்பத்துக்கு இங்கேயே ரேஷன் வேண்டும். வருமான வரம்பை இன்றைய விலைக்கு ஏற்ப உயர்த்த வேண்டும். ரேஷனில் பருப்பும் எண்ணெயும் வேண்டும். அவை மாநிலம் தாண்டினாலும் தொழிலாளியோடு வரவேண்டும். குறைந்தபட்சக் கூலியில் விலைவாசிப் படி தாளில் மட்டும் இருக்கக் கூடாது. வீட்டு வேலைக்காரிக்கும் துண்டுக் கூலிக்காரனுக்கும் கையில் கிடைக்க வேண்டும்.

நம் கடமையும் உண்டு. ஒவ்வொரு சந்திலும் பத்துக் குடும்பம் சேர்ந்து வாஷி மொத்தச் சந்தையிலிருந்து மூட்டையாக வாங்கிப் பிரித்துக்கொள்ளுங்கள். இது மருந்தல்ல, கட்டுத்தான்; ஆனால் பத்து வீடு ஒரு மூட்டைக்குச் சேர்ந்தால், அதே பத்து வீடு ஒரு மனுவுக்கும் சேரும். ரயில்வே, மாநகராட்சி, துறைமுகம், வங்கி எதில் இருந்தாலும், பஞ்சப்படி வாங்குகிற ஒவ்வொரு தோழரும் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்க அலுவலகத்தில் உட்கார்ந்து ரேஷன் மனு எழுதிக் கொடுக்க வாருங்கள். படிவம் நிரப்பத்தானே நமக்குச் சம்பளம்! நான் முதல் ஞாயிறு காலை 10 மணிக்கு அங்கே இருப்பேன். ஆதார், ஊர்க் கார்டின் நகல், இரண்டையும் எடுத்து வாருங்கள்.

அடுத்த விழா மேடையில் அந்தப் பெரியவர் மீண்டும் பேசட்டும். அவருக்குப் பிறகு இட்லி அக்காவையும் மேடையேற்றிப் பேசச் சொல்வோம். யார் யாருக்குச் சிக்கனம் கற்றுத் தர வேண்டும் என்பது அன்று தெரியும்.