மலேரியாவும் மண்ணீரலும்

வயிற்றின் இடப்புறத்தில், விலா எலும்புகளின் மறைவில் இருக்கும் மண்ணீரலைப் பற்றி நம்மவர் நினைப்பதே அரிது. முறைஜுரம் நீடித்து, அது பருத்துக் கைக்குத் தட்டுப்படும்போதுதான் ஜுரக்கட்டி என்று கவலையுறுகிறோம். 1840-களில் யமுனைக் கால்வாய்ப் பிரதேசத்தில் டெம்ஸ்டர் என்னும் டாக்டர், கிராமவாசிகளின் மண்ணீரலைத் தொட்டுப் பார்த்தே மலேரியாவின் பரவலைக் கணித்தார். அக்கட்டி வியாதியுடன் தேகம் நடத்தும் யுத்தத்தின் அடையாளம் என்பதைப் பிற்கால ஆராய்ச்சிகள் தெளிவாக்கியிருக்கின்றன.

சுண்டெலிகளுக்கு மலேரியாக் கிருமியை ஏற்றி விஞ்ஞானிகள் கண்டவை விசேஷமானவை. மண்ணீரலில் இரத்தம் வடிகட்டப்படுகிறது. அங்குள்ள விழுங்கணுக்கள், கிருமி புகுந்த சிவப்பணுக்களைப் பிடித்து விழுங்குகின்றன. 'டி' அணுக்கள் சமிக்ஞை கொடுத்து அவற்றை ஊக்குகின்றன. 'பி' அணுக்கள் எதிர்ப்பொருளை உற்பத்தி செய்கின்றன. படை பெருகப் பெருக மண்ணீரலும் பருக்கிறது. யுத்தம் உக்கிரமாகும்போது அதன் உள்ளமைப்பே குலைந்து, நோய் தணிந்த பின்னரே சீர்படுகிறது.

ஆயினும், காவற்காரனை நம்பிக் கதவைத் திறந்து வைப்பது விவேகமாகாது. சென்னையில் பெரும்பாலும் காணப்படும் 'விவாக்ஸ்' கிருமி கல்லீரலில் உறங்கிக் கிடந்து, மாதங்கள் கழித்தும் விழித்தெழும். இந்தோனேசியாவின் பப்புவாப் பிரதேசத்தில், விபத்து முதலிய காரணங்களால் அகற்றப்பட்ட மண்ணீரல்களைச் சோதித்து 2021-ல் வெளியான ஆராய்ச்சி, ஜுரமே இல்லாதிருந்தவர்களின் மண்ணீரலிலும் அக்கிருமி ஏராளமாக ஒளிந்திருந்ததைக் காட்டிற்று. காவற்கூடமே கள்வனுக்குப் புகலிடமாகிவிடுகிறது! ஆகவே ஜுரம் விட்டதும் மருந்தையும் விடுவது பெருந்தவறு. டாக்டர் 14 நாள் பிரைமாகுவின் விதித்தால், 14 நாளும் உட்கொள்ளல் வேண்டும்.

வடசென்னைவாசிகளுக்கு இது ஏட்டுச் செய்தியன்று. மகாகவி பாரதியின் பெயரைத் தாங்கிய எம்.கே.பி. நகரிலும், அடுத்துள்ள வியாசர்பாடியிலும், கொசுவென்றால் கேப்டன் காட்டன் கால்வாயின் மீது பழி சுமத்துவது எளிது. கால்வாயைச் சுத்தமாக்குவது அவசியமே. ஆனால் சாக்கடை நீரில் பெருகுவது வேறு கொசு. நகரத்து மலேரியாவைப் பரப்பும் 'அனாபிலிஸ் ஸ்டீபன்ஸி' நாடுவது தெளிந்த நீரையே. மூடாத கிணறும், மாடித் தொட்டியும், கட்டடவேலைக்குத் தேக்கிய நீரும் அதன் பிறப்பிடங்கள். குழாயில் நீர் ஒழுங்காக வராத வீட்டார் தேக்கி வைப்பதைக் குறைகூறிப் பயனில்லை. தொட்டிக்கு மூடியையும், குழாய்க்கு நீரையும் ஒருங்கே தேடித் தருவது அதிகாரிகளின் கடமை. மூடியை மூடி வைப்பது நமது கடமை.

முன்னொரு முறை நாம் ஏமாந்திருக்கிறோம். 1965-ல் தேசமெங்கும் மலேரியா நோயாளிகள் சுமார் ஒரு லட்சமாகக் குறைந்திருந்தனர். வெற்றி கிட்டிவிட்டதென்று அசட்டையாயிருந்ததும் சேர்ந்து, 1976-ல் அத்தொகை 64 லட்சமாயிற்று. இப்பொழுது 2030-க்குள் மலேரியாவை ஒழிப்பதாக இந்தியா சங்கற்பித்திருக்கிறது. மண்ணீரல் நாம் கேளாமலே தன் பங்கைச் செய்கிறது. ஜனங்களும் அதிகாரிகளும் தத்தம் பங்கைச் செய்தாலன்றி அச்சங்கற்பம் நிறைவேறாது.