குழந்தைகளின் பங்கும் வருஷக் கணக்கும்

ஐக்கிய அமெரிக்காவில் 2022-ம் வருஷத் தொடக்கத்தில் வருமான வரிக் கணக்குக் கொடுத்த பெற்றோர் பலர், தங்களுக்குத் திரும்பிவர வேண்டிய தொகை முந்திய வருஷத்தைவிடக் குறைந்திருப்பதைக் கண்டு திகைப்புற்றனர். சர்க்கார் ஒரு கையாற் கொடுத்ததை மறு கையாற் பறித்துக்கொண்டது என்று அவர்களிற் சிலர் எண்ணியிருப்பின் அதில் வியப்பில்லை. ஆயினும் உண்மை அதுவன்று. அவ்வருஷம் அவர்கள் பெற்ற மொத்த உதவி, அதற்கு முன் எந்த வருஷத்திலும் பெற்றதைவிடப் பெரிது. அவர்களுக்கு மெய்யான நஷ்டம் அதன் பிறகே வந்தது. அந்நஷ்டத்தைக் குறித்து எழுந்திருக்க வேண்டிய கூக்குரல் எழவில்லை என்பதே நாம் இங்கே எடுத்துக் கூற விரும்பும் விஷயம்.

அந்நாட்டில் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து வருமான வரியை முதலாளியே அவ்வப்போது பிடித்துச் சர்க்காருக்குக் கட்டிவிடுகிறார். வருஷ முடிவில் கணக்குப் பார்த்து, அதிகமாய்ப் பிடித்த தொகையும் சட்டப்படி சேர வேண்டிய சலுகைகளும் மொத்தமாய்த் திருப்பித் தரப்படுகின்றன. ஏழைக் குடும்பங்கள் பலவற்றுக்கு ஆண்டு முழுவதிலும் ஒரே சமயத்திற் கைக்கு வரும் பெருந்தொகை இதுவே. கடனை அடைப்பதும், வாடகைப் பாக்கியைத் தீர்ப்பதும், பழுதான வண்டியைச் செப்பனிடுவதும் இதை நம்பியே ஒத்திப் போடப்படுகின்றன. ஆதலால் இத்தொகை சிறிது குறைந்தாலும் குடும்பஸ்தன் மனம் பதறுவது இயல்பே.

குழந்தைகளுள்ள குடும்பங்களுக்கு வரிச் சலுகை அளிக்கும் சட்டம் அங்கே 1997-ல் நிறைவேறியது. 2017-ம் வருஷச் சட்டம் அச்சலுகையைக் குழந்தை ஒன்றுக்கு 2,000 டாலராக உயர்த்திற்று. கொள்ளை நோயின் கொடுமையால் நாடு தத்தளித்த சமயம், 2021 மார்ச் 11-ந் தேதி ஜனாதிபதி பைடன் கையெழுத்திட்ட சட்டம் அந்த ஒரு வருஷத்துக்கு மட்டும் மூன்று பெரிய மாறுதல்களைச் செய்தது. ஆறு வயது நிரம்பாத குழந்தைக்கு 3,600 டாலர், ஆறு முதல் பதினேழு வயது வரையுள்ளோர்க்கு 3,000 டாலர் என்று தொகை உயர்ந்தது. வருமானமே இல்லாத குடும்பத்துக்கும் முழுத் தொகை உண்டு என்று ஏற்பட்டது. பாதித் தொகையை வருஷ முடிவு வரை காக்க வையாமல், ஜூலை முதல் டிசம்பர் வரை ஆறு மாதத் தவணைகளாக முன்கூட்டியே கொடுப்பது என்றும் முடிவாயிற்று. ஜூலை 15-ந் தேதி சென்ற முதல் தவணை ஏறக்குறைய மூன்றரைக் கோடிக் குடும்பங்களை அடைந்தது.

இனிக் கணக்கைப் பார்ப்போம். நான்கு வயதிலும் எட்டு வயதிலும் இரு குழந்தைகளுள்ள நடுத்தரக் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2020-ம் வருஷத்துக்கு இக்குடும்பத்தின் சலுகை 4,000 டாலர். அது முழுவதும் வருஷ முடிவுக் கணக்கில் வந்தது. 2021-க்குரிய சலுகை 6,600 டாலர். இதில் மாதம் 550 டாலர் வீதம் ஆறு மாதத்தில் 3,300 டாலர் முன்பணமாய் வந்துவிட்டது. எஞ்சிய 3,300 டாலரே கணக்குக் கொடுக்கும்போது கிடைத்தது. மற்ற இனங்கள் மாறாவிடின், திரும்பி வந்த தொகை 700 டாலர் குறைவு. குடும்பம் பெற்ற மொத்த உதவியோ 2,600 டாலர் அதிகம்! முன்பணத்துக்கு வரியும் கிடையாது. திரும்பி வரும் தொகையை மட்டும் அளவுகோலாய்க் கொண்டால், லாபமே நஷ்டமாய்த் தோன்றும் விந்தை இதுதான்.

எனினும் பெற்றோரின் அச்சம் முற்றும் ஆதாரமற்றது என்று நாம் தள்ளிவிடவில்லை. முன்பணம் என்பது வருமான வரி இலாகாவின் மதிப்பீடேயாகும். 2020 அல்லது 2019-ம் வருஷக் கணக்கைக் கொண்டு அது நிர்ணயிக்கப்பட்டது. இடையில் வருமானம் உயர்ந்தவர்கள் தகுதிக்கு மேல் பெற்றிருக்கலாம்; 2021-ல் குழந்தை பெற்றவர்கள் முன்பணம் ஒன்றும் பெறாமல், கணக்கில் 3,600 டாலரையும் சேர்த்துப் பெற்றிருக்கலாம். பிரிந்து வாழ்ந்து, குழந்தையை ஒரு வருஷம் தந்தையும் மறு வருஷம் தாயும் கணக்கிற் காட்டிக்கொள்ளும் பெற்றோரின் நிலையோ மிகச் சிக்கலாயிற்று. ஏழு வயதுக் குழந்தையை 2020-ல் காட்டியவர் தந்தையாயின், முன்பணம் 1,500 டாலர் அவருக்கே சென்றது. 2021-க்கு உரிமையுள்ள தாய், கணக்குக் கொடுத்து 3,000 டாலரையும் பெற்றார். தந்தை வாங்கிய தொகை அவர் தலையிற் கடனாய் நின்றது.

சட்டம் இதற்கு ஒரு காப்பும் செய்திருந்தது. குழந்தைகளின் எண்ணிக்கை மாறியதால் அதிகம் பெற்றவர்களில், தனியாய்க் கணக்குக் கொடுப்பவரின் வருமானம் 40,000 டாலருக்கும், சேர்ந்து கொடுக்கும் தம்பதியின் வருமானம் 60,000 டாலருக்கும் மேற்படாவிடில், குழந்தை ஒன்றுக்கு 2,000 டாலர் வரை திருப்ப வேண்டுவதில்லை. வருமானம் இவ்வரம்பைப் போல் இரு மடங்காகும்போது இக்காப்பு முற்றும் மறைந்துவிடும். மேலே கூறிய தந்தையின் 2021-ம் வருஷ வருமானம் 60,000 டாலரானால், 500 டாலர் திருப்ப வேண்டும். 80,000 டாலரை எட்டினால் 1,500-ஐயும் திருப்ப வேண்டும். கேளாமலே அனுப்பிய பணத்தைச் செலவழித்த பின், இலாகாவின் மதிப்பீடு தவறிப்போனதற்குக் குடியானவன் ஈடு கட்டுவது நியாயமா? வேண்டாதார் முன்கூட்டியே விலகிக்கொள்ளலாம் என்று விதி இருந்தது உண்மையே. ஆயினும் அதை அறிந்து செய்ய வல்லவர் எத்தனை பேர்?

போதாக்குறைக்கு, பெற்ற முன்பணத்தைத் தெரிவிக்கும் 6419-ம் எண் கடிதம் கணவன் பெயருக்குப் பாதித் தொகையும் மனைவி பெயருக்குப் பாதித் தொகையுமாய்த் தனித்தனியே சென்றது. இரண்டையும் கூட்டி எழுத வேண்டுமென்று அறியாமல் ஒன்றை மட்டும் காட்டியவர்களின் கணக்கு இலாகாவின் பதிவோடு பொருந்தாமல், பணம் வருவது தாமதப்படும் நிலை ஏற்பட்டது. திட்டம் நல்லதாயிருந்தும் நடத்தும் முறை ஜனங்களை அச்சுறுத்துமாயின், அதற்குத் துணை நிற்க வேண்டியவர்களே அதனிடம் நம்பிக்கை இழந்துவிடுவர்.

மாதந்தோறும் கொடுக்கும் முறையில் மறுக்க முடியாத நன்மைகள் இருந்தன. குழந்தை மாதந்தோறும் உண்கிறது. வாடகையும் மாதந்தோறும் கேட்கப்படுகிறது. மத்திய சர்க்காருக்குள்ள பழைய கடனுக்காக முன்பணத்திற் பிடித்தம் செய்யப்படவில்லை. வருஷ முடிவில் வரும் தொகையிலோ அவ்வாறு பிடிக்க இடமிருந்தது. அந்நாட்டு ஜனத்தொகைக் கணக்கு இலாகாவின் விரிந்த அளவுகோலின்படி, 2020-ல் நூற்றுக்கு 9.7 ஆயிருந்த குழந்தை வறுமை 2021-ல் 5.2 ஆக இறங்கிற்று. மற்ற நோய்க்கால உதவிகளும் இதற்குக் காரணமேயானாலும், இச்சலுகையின் பங்கு பெரிது. சலுகை முடிந்தபின் 2022-ல் அவ்வறுமை 12.4-க்கு ஏறிற்று. மெய்யான நஷ்டம் பின்னரே வந்தது என்று நாம் கூறியதன் பொருள் இதுவே.

இது இயற்கையாய் நேர்ந்த விபத்தன்று. சலுகையை மேலும் நீட்டிக்கும் மசோதா 2021 நவம்பரில் பிரதிநிதி சபையில் நிறைவேறியது. இரு கட்சிகளும் சம பலத்துடனிருந்த செனெட்டில், ஜனாதிபதியின் கட்சியைச் சேர்ந்த மான்சின் என்னும் அங்கத்தினர் டிசம்பரில் ஆதரவு மறுத்துவிட்டார், திட்டம் மடிந்தது. உழையாதார்க்குப் பணம் கொடுத்தால் உழைப்பில் நாட்டம் குறையும் என்பது எதிர்ப்பாளரின் வாதம். இவ்வாதத்தின் பயனை உழைப்பவரே அனுபவிக்கின்றனர் என்பதைக் கவனிக்க வேண்டும். 2025-ம் வருஷச் சட்டம் சலுகையைக் குழந்தை ஒன்றுக்கு 2,200 டாலராக்கியது. ஆனால் முன்பணம் கிடையாது. வரி கட்டுமளவு வருமானமில்லாதார்க்கு, 2,500 டாலருக்கு மேற்பட்ட சம்பாத்தியத்தில் நூற்றுக்குப் பதினைந்தே கணக்கிடப்படும். இரு குழந்தைகளை வைத்துக்கொண்டு வருஷம் 10,000 டாலர் சம்பாதிக்கும் தாய்க்கு 2025-ம் வருஷக் கணக்கிற் கிடைப்பது 1,125 டாலர். வசதியுள்ள அண்டை வீட்டாருக்கு அதே இரு குழந்தைகளுக்காக 4,400 டாலர் குறைகிறது! அவ்வீட்டார் கட்டும் வரி, சலுகையைக் கழிக்க இடந்தருமளவு பெரிது என்பதே இவ்வித்தியாசத்துக்குக் காரணம். குறைந்த கூலிக்கு உழைப்பவளின் குழந்தைக்குக் குறைந்த பங்கு என்னும் இந்த நீதியை யார் ஒப்புவர்?

வழி இல்லாமலில்லை. அண்டை நாடான கானடாவில் 2016 ஜூலை முதல் குழந்தை உதவித் தொகை மாதந்தோறும் கொடுக்கப்பட்டு வருகிறது. முந்திய வருஷ வருமானத்தை வைத்து ஒவ்வொரு ஜூலையிலும் தொகை நிர்ணயமாகிறது. அவ்வருஷத்திலேயே சம்பளம் உயர்ந்துவிட்டது என்பதற்காகக் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்பதில்லை. மதிப்பீட்டின் அபாயத்தை அங்கே சர்க்கார் ஏற்றுக்கொள்கிறது. அமெரிக்காவில் அது பெற்றோர் மீது சுமத்தப்பட்டது.

குழந்தைகளுக்குரிய பங்கைப் பெற்றோரின் வரிக் கணக்கில் மறைத்து வைக்கும் வரையில், அதன் அருமை ஜனங்களுக்கு விளங்காது. அது பறிபோகும்போது போராடுவாரும் இரார். ஆறு மாதம் பெற்ற உதவியைப் பலர் உரிமையாய் உணர்வதற்குள் அது நின்றுவிட்டது. வருஷ முடிவில் 700 டாலர் குறைந்ததே நினைவில் நின்றது. உதவி செய்ய முற்படும் எந்தச் சர்க்காரும், அதை வெளிப்படையாயும், உரிய காலத்திலும், பின்னால் கணக்குக் கேட்கும் பயமின்றியும் கொடுக்க வேண்டும் என்பது நமது உறுதியான அபிப்பிராயம். பொதுஜன ஊழியத்தில் ஈடுபட்டோரும், ஒரு திட்டம் கைக்குக் கொண்டுவரும் காசையன்றி அது தரும் முழுப் பயனையும் கணக்கிட்டு ஜனங்களுக்கு எடுத்துச் சொல்லக் கடமைப்பட்டவர்கள். அவ்வாறு சொல்லாவிடின், நல்ல சட்டமும் ஒரே வருஷத்தில் மடியும் என்பதற்கு அமெரிக்காவே சாட்சி.